அவள் எடுத்துக்கொள்ளப்போகும் கார்

மார்ச் 3, திங்கள்

புகைச் சோதனையில் கார் தேறவில்லை.

சோதனை நிலையத்துப் பெண் தாளை நீட்டி, "அளவுக்கு மேல போகுது சார், சரி பண்ணிட்டு வாங்க" என்றாள். அளவு மீறுவதைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் பிழைப்பே அதுதான். அளவை மீறியதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பேன். எழுதிக் கொடுத்த பிறகு யாரும் எதையும் சரி செய்ததில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டைகள் ஒரு பக்கம், அவளுடையவை ஒரு பக்கம். முன்பெல்லாம் ஒரே அடுக்குதான்.

"மாசக் கடைசிக்குள்ள ஆயிடுமா?"

ஆகும் என்றேன். பேச்சு முடிந்தது.

பிறகு நான் வேறுவிதமாகச் சொன்னதாகப் பேச்சு வரக்கூடாது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். வீடு எனக்கு, கார் அவளுக்கு. பிரித்தது அவள்தான். வேறொரு ஊர் மருத்துவமனையில் வேலை வாங்கியிருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்க் கைகால் அசைக்கப் பயிற்சி கொடுக்கும் வேலை. கார் இல்லாமல் நடக்காது. கார் அவள் பெயருக்கு மாறப் புகைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வந்தால் பெயர் மாறும். பெயர் மாறினால் அவள் போவாள்.

வக்கீல் இல்லை, கூச்சல் இல்லை, ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. பத்திரிகைச் சந்தாவை நிறுத்துவதுபோல நிறுத்துகிறாள்.

காரணம் கேட்டேன், போன மாதம். "நீங்க எப்பவும் சரியாத்தான் இருக்கீங்க. எனக்குத்தான் மூச்சு முட்டுது" என்றாள். இது ஒரு பதிலா? ஒருவன் சரியாக இருப்பதற்கும் இன்னொருத்திக்கு மூச்சு முட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 5, புதன்

காரின் டாஷ்போர்டில், இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிகிறது. அந்த விளக்கோடுதான் வேலைக்குப் போனேன், வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

அரை நாள் விடுப்பு. பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனரைச் செருகிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னான்.

"சைலன்சருக்கு முன்னாடி புகையைச் சுத்தம் பண்ற பெட்டி இருக்குல்ல, அது போச்சு சார். மொத்தமா மாத்திடலாம்."

"பெட்டி போகல. அதுக்கும் முன்னாடி இருக்கிற சென்சார்தான் போச்சு. ஏர்-ஃப்யூல் சென்சார்."

"சாருக்கு எங்க வேலை?"

"தண்ணி டெஸ்ட் பண்றேன்."

"இது பெட்ரோல் சார்."

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். நான் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிக்கத் தகாதவர்கள் வரிசையில் மெக்கானிக்கையும் சேர்த்தாயிற்று. வரிசை நீளமானது. முதலிடம் எங்கள் கூடத்தின் இன்றைய தலைவருக்கு. அளந்து உறிஞ்சும் பிப்பெட் குழாயைப் பிடிக்கவே என்னிடம்தான் கற்றுக்கொண்டார். இவன் முறை வர நாளாகும்.

மார்ச் 8, சனி

நான் சொன்னதுதான் சரி.

கூடத்து டிரைவரிடம் கைக்கு அடக்கமான ஸ்கேனர் ஒன்று இரவல் வாங்கிவந்து, வாசலிலேயே பார்த்தேன். முன் சென்சார் என்பது, இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் இரும்புக் குழாயின் தொடக்கத்தில் திருகியிருக்கும் விரல் பருமன் சாமான். புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை மோப்பம் பிடித்து, காற்று கூடுதலா பெட்ரோல் கூடுதலா என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதன்படி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சுத்தம் செய்யும் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சென்சார் உண்டு. அது சாதாரண ஆக்ஸிஜன் சென்சார். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வேலைதான் வேறு.

எந்தக் கருவியையும் அது சொல்வதை வைத்து நம்பக்கூடாது. தெரிந்த பொருளைக் கொடுத்து, தெரிந்த பதிலைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கூடத்தில் அதுதான் பாலபாடம். இன்ஜினை ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் வழியில் எரியக்கூடிய கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்தேன். நல்ல சென்சாராக இருந்தால் 'எரிபொருள் அதிகம்' என்று அலறியிருக்க வேண்டும். இது அசையவே இல்லை. 'காற்று அதிகம், காற்று அதிகம்' என்று ஒரே பாட்டு. கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் கரும்புகை.

அவள் காய்கறிப் பையோடு வந்து நின்றாள். விளக்கிச் சொன்னேன்.

"அப்ப பக்கத்துல எல்லாம் சரியா இருந்தாலும் இது ஒண்ணு மட்டும் குறைன்னு சொல்லிட்டே இருக்குமா?"

"ஆமா."

"வீட்டுல ஒண்ணு போதாதா" என்றுவிட்டு உள்ளே போனாள்.

சிரிப்புக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். இன்னொரு முறை ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனன் வந்தான். அவளுடைய தம்பி. வந்ததும் பானட்டைத் திறந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான். பானட்டைத் திறக்கத் தெரிந்தவனெல்லாம் இன்ஜினியர்.

"அத்தான், நீங்க டென்ஷன் ஆகாதீங்க. சென்சார்தானே? தெரிஞ்சவன் ஒருத்தன் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கான். நான் வாங்கிட்டு வந்துடறேன். அக்கா கிளம்பற நேரத்துல நான் இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

அக்கா கிளம்பற நேரத்துல! திருவிழாவுக்குப் போகிறவளை வழியனுப்புவதுபோல.

இவன்மேல் எனக்கு இருப்பது பழைய கணக்கு. அவர்கள் புது வீட்டுக்கு எல்லாரும் போயிருந்தபோது எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிப்பவன். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை. மறுநிமிடம் இவன் ஹாலின் நடுவில் நின்று, ஒரு டம்ளரைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கி, "ஃபெயில்" என்றான். வீடே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு 'டெஸ்ட் ட்யூப்' என்று பெயர்.

அவன் செய்ததை விட்டுவிடலாம். அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

சென்சார் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். "தெரியும் அத்தான், தெரியும் அத்தான்" என்றான்.

மார்ச் 12, புதன்

தலைவர் இன்று என் அறிக்கையில் இரண்டு இடங்களில் காற்புள்ளி சேர்த்தார். போகட்டும்.

ஹாலில் அட்டைப் பெட்டிகள். மேலே அவள் கையெழுத்து: 'குளிர்காலம்', 'சமையல்', 'உடையும்'. டீ கெட்டிலையும் 'சமையல்' பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டாள். காலையில் டீயைச் சட்டியில் போட்டுக் குடித்தேன்.

மார்ச் 15, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மைத்துனன் காலையிலேயே பெட்டியோடு வந்துவிட்டான். மேசைமேல் வைத்து, "பாத்துக்கோங்க" என்றான். பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆக்ஸிஜன் சென்சார். பின்னால் போட வேண்டியது. மரை ஒன்றேதான், வயர் முனையும் ஒன்றேதான், முன்னால் அழகாக மாட்டிக்கொள்ளும். மாட்டினால் கம்ப்யூட்டருக்கு அது பேசும் பாஷை புரியாது. நாலு நாள் ஓடி மறுபடி விளக்கு எரியும்.

"கரெக்டா அத்தான்?"

நான் "ம்" என்றேன்.

ம். அவ்வளவுதான். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மூவரும் பட்டறைக்குப் போனோம். "பார்ட்ஸ் நீங்க கொண்டு வந்தா கேரண்டி நம்மது இல்ல" என்று மெக்கானிக் முதலிலேயே கை கழுவிக்கொண்டான். பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சாமானை எடுத்துக்கொண்டு அட்டையை வீசிவிட்டான். பழைய சென்சார் துருவேறிக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்தான், காத்திருந்தான், ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி நீட்டமாக்கித் தொங்கினான். அசையவில்லை. இன்ஜினை ஓடவிட்டுக் குழாயைச் சூடாக்கி மறுபடி முயன்றான்.

"என்னா பிடிவாதம் சார் இதுக்கு!"

அவள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் மேலே தகரக் கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு கிறீச்சென்ற சத்தத்தோடு கழன்றது. மரை தப்பித்தது. பழையதை ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொண்டேன். அதன் முனை முழுக்கக் கரி. புதியதை மாட்டி, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழைய பிழைக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது. மைத்துனன் கை தட்டினான்.

வீடு திரும்பும்போது அவள் ஓட்டினாள். நான் பின்சீட்டில். வண்டி சீராகத்தான் போனது. கம்ப்யூட்டர் பாவம், இன்னும் யோசித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை? மைத்துனன் என்கிற அந்த ஓணான் தப்பு செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான். வேறென்ன.

மார்ச் 18, செவ்வாய்

விளக்கு எரிந்துவிட்டது.

அவள்தான் பார்த்தாள். உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பேசாமல் 'சமையல்' பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். டீ கெட்டிலை எடுத்துக் கழுவி அடுப்பில் வைத்தாள். "இன்னும் ஒரு வாரத்துக்குச் சட்டியில எவன் டீ போடறது" என்றாள், கெட்டிலைப் பார்த்து.

இரண்டு கப் போட்டாள்.

மார்ச் 20, வியாழன்

மைத்துனன் போனில். சென்சாரில் குறை இருக்காதாம், கனெக்டரைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டுமாம். கடையில் கொடுத்து மாற்ற முடியாதா என்று அவள் கேட்டதற்கு, "தெரிஞ்சவன் கடைக்கா, எந்த முகத்தை வெச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கறது?" என்றானாம். தெரியாதவன் கடையில் வாங்கியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

சாயங்காலம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே பார்க்கவில்லை. அவள் ஆரஞ்சு உரித்தாள். பாதியைத் தட்டில் என் பக்கம் நகர்த்தினாள். பழக்கம். கை தானாகச் செய்தது. நகர்த்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, திரும்ப எடுக்கவில்லை.

தின்றேன். விதை நிறைய இருந்தது. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

நுணலும் தன் வாயால் கெடும்.

மைத்துனன் வந்து கனெக்டரைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். ஊதினான். மறுபடி தேய்த்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவன் நிமிர்ந்து, அலுப்போடு, "புதுசும் கெட்டுப்போச்சு போல அத்தான்" என்றான்.

சும்மா இருந்திருக்கலாம். தலையாட்டியிருந்தால் போதும்.

"கெட்டுப்போகல. அது பின்னாடி மாட்டறது. முன்னாடி மாட்டினா இப்படித்தான் ஆகும்."

 பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போ தெரியும் உங்களுக்கு?" அவள்தான் கேட்டாள். குரல் உயரவில்லை.

"பெட்டியைப் பாத்தப்பவே."

மைத்துனன் பிரஷ்ஷைக் கீழே போட்டான். "என்னைக் கோமாளியாக்கி வேடிக்கை பாத்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த இடத்துலயே மாத்தியிருப்பேனே! அக்கா, இந்த மனுஷன் மரை கழண்டவருக்கா. இவர்கூட எப்படிக்கா இத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் கிளம்பிப் போய்விட்டான்.

பிறகு உள்ளே போனதும் அவள் ஆரம்பித்தாள்.

"தம்பி மேல கோவம். அந்த டம்ளர் விஷயம். இன்னும் அதானே?"

நான் அடுப்பின் மேலிருந்த கெட்டிலைப் பார்த்தேன்.

"அவன் தோக்கறதைப் பாக்கணும்னு என் வேலையைத் தள்ளிப் போட்டீங்க. அங்க ஆஸ்பத்திரியில எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. அது உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இந்த வீட்டுல சும்மா ஒரு வார்த்தை பேச முடியாது. சும்மா சிரிக்க முடியாது. ஏன், எதுக்கு, எவ்வளவு! ஒரு தடவையாவது ஏதாவது சும்மா செஞ்சிருக்கீங்களா?"

சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? நீ போறது தள்ளிப் போச்சு, கெட்டில் திரும்ப அடுப்புக்கு வந்தது, அதுக்காகத்தான்னு சொல்றதா? யார் நம்புவா? எனக்கே இன்னிக்குத்தானே தெரியுது. நான் தம்பி மேல இருக்கிற கோவம்னுதானே நினைச்சிட்டிருந்தேன். இந்தா, இங்கே எழுதிவைத்ததைப் பார், பதினைந்தாம் தேதி: 'வேறென்ன' என்று.

வேறென்ன!

"ஆமா, தம்பி மேலதான் கோவம்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

பேச்சில்லை. கெட்டில் மறுபடி பெட்டிக்குள் போகவில்லை. அது போகாததற்கு அர்த்தமும் இல்லை. டேப் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 26, புதன்

சரியான சென்சாரை நானே வரவழைத்தேன். கூரியர்க்காரர் கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைத் திறந்து மேசைவிளக்கின் கீழ் பார்த்தேன். எண், வயர் நிறம், முனை, மரை. எல்லாம் சரி. தலைவர் எட்டிப் பார்த்து, "என்னங்க அது, புதுக் கருவியா?" என்றார்.

"இல்ல. கார் சாமான்."

"காருக்கெல்லாம் நேரம் இருக்கா உங்களுக்கு!"

வழக்கமாக இதை வைத்து ஒரு பக்கம் எழுதுவேன். வரவில்லை.

மார்ச் 29, சனி

மாட்டியாயிற்று. பட்டறை வேண்டாம் என்று வாசலிலேயே செய்தேன். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, பேட்டரி வயரைக் கழற்றி, பக்கவாட்டில் வெட்டு விட்ட சாக்கெட் ஸ்பானரை வயரின் மேல் நுழைத்துத் திருகினேன். பலம் தேவைப்படும் என்று காலை ஊன்றி நின்றிருந்தேன். தேவைப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் மாட்டியதுதானே, ஒரு சுற்றில் இளகிவிட்டது.

அவள் வந்து நின்றதை நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வயர் குழாயில் பட்டுவிடாமல் ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. கேட்கவில்லை. அவளே பிடித்துக்கொண்டாள். புதியதன் மரையில் மட்டும் ஒட்டாமலிருக்கப் பசை தடவி, முனையில் படாமல் உள்ளே விட்டு, முதலில் கையாலேயே திருகினேன். கையால் போகும் தூரம்வரை கையால்தான் போக வேண்டும்; இல்லாவிட்டால் மரை கோணிக்கொள்ளும். பிறகு ஸ்பானர். கனெக்டர் டிக்கென்று பூட்டியது. பேட்டரி வயரையும் மாட்டினேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

இன்ஜினை ஓடவிட்டாள். ஸ்ப்ரேயை ஒரு முறை அடித்துப் பார்த்தேன். ஸ்கேனரில் எண் எகிறிக் குதித்து, பிறகு மெல்ல இறங்கித் தன் இடத்துக்கு வந்து நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். புகை இருந்ததாகவே தெரியவில்லை.

அவள் உள்ளங்கையில் ஒரு கோடாகக் கரி. மண்ணெண்ணெய் தொட்ட துணியைக் கொடுத்தேன். துடைத்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"நல்லா பண்ணிட்டீங்க" என்றாள்.

இந்த வேலையில் நான் வேண்டுமென்றே தப்பு செய்திருக்கலாம். ஒரு மரை கோணியிருந்தால் போதும். கை கேட்கவில்லை. கைக்கு அது தெரியாது.

மார்ச் 31, திங்கள்

தேறிவிட்டது. அதே பெண், "சூப்பர் சார், புதுக் கார் மாதிரி இருக்கு" என்றாள். பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

போனாள்.

மைத்துனன் பெட்டிகளை ஏற்றினான். என்னிடம் பேசவில்லை. 'உடையும்' பெட்டியை மட்டும் நான் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். அவன் தன் வண்டியில் பின்னால் போனான்.

அவள் கண்ணாடியை இறக்கி, "மருந்து மேல் தட்டுல இருக்கு. பால்காரர்கிட்ட பாதியாக் குறைக்கச் சொல்லிட்டேன்" என்றாள். நான் சரி என்றேன். டயரில் காற்று பார்க்கச் சொல்ல நினைத்தேன். அதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

சத்தமே இல்லாமல் போனது. அவ்வளவு நன்றாக ஓடுகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

பஸ்ஸில் போனேன். வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கார் நிற்கும் இடத்துச் சுவரில், புகைக்குழாயின் உயரத்தில், ஒரு சட்டி அளவுக்குக் கரி. துடைக்க வாளியை எடுத்துப் போனேன். வேறு ஒரு வேலை ஞாபகம் வந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகமில்லை.

ஏப்ரல் 9, புதன்

வெளியூரில் படிக்கும் மகள் போனில் பேசினாள். அங்கே மழையாம். சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டாள்.

"அந்த சென்சார் விஷயத்தை அம்மா சொன்னாங்க. நிஜமாவே மாமா மேல கோவத்துலதான் சொல்லாம இருந்தீங்களாப்பா?"

"உங்க அம்மா அப்படித்தான் சொல்றா."

"நான் உங்களைக் கேக்கறேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கெட்டில் இங்கேயே இருக்கிறது. விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறந்தாளா, வேண்டுமென்றா, தெரியவில்லை. இன்றுதான் கவனித்தேன் என்று எழுதினால் பொய். முதல் நாளே கவனித்தேன்.

ஏப்ரல் 19, சனி

அவளிடமிருந்து போன். போனில் அவள் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன்?

"மறுபடி மஞ்சள் விளக்கு எரியுது."

எப்போதிலிருந்து, இன்ஜின் உதறுகிறதா, புகை வருகிறதா, பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எதுவும் இல்லை. நேற்று பெட்ரோல் போட்டாளாம்.

"பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியா மூடியிருக்க மாட்டே. அதுக்கும் அந்த விளக்கு எரியும். டிக் டிக்னு கேக்கற வரைக்கும் திருகு. ஒண்ணு ரெண்டு நாள்ல தானா அணைஞ்சிடும்."

"சென்சாரா இருக்காதா?"

"இருக்காது."

 யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, அவள் பக்கம்.

"வந்து பாக்க முடியாதா?"

"பாக்கத் தேவையே இல்ல. மூடிதான்."

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

வைத்த பிறகு டீ போட்டேன். டம்ளரை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தபோதுதான் அது என் காதில் விழுந்தது. வந்து பாக்க முடியாதா. அவளுக்கா பெட்ரோல் மூடி தெரியாது? இருபது வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறவள்.

அப்படி இல்லாமலும் இருக்கலாம். விளக்கைப் பார்த்துப் பயந்து கேட்டிருக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது.

டீ ஆறிவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

செய்தி அனுப்பியிருந்தாள். 'மூடிதான். அணைஞ்சிடுச்சு. நீங்க சொன்னதுதான் சரி.'

ஏப்ரல் 24, வியாழன்

பதில் எழுத இத்தனை நாள். 'ஒருமுறை சென்சாரைப் பார்த்துவிடுவது நல்லது' என்று எழுதினேன். அது பொய், அழித்தேன். 'கெட்டில் இங்கே இருக்கிறது' என்று எழுதினேன். அது உண்மை, அதையும் அழித்தேன்.

கடைசியில், 'ஞாயிற்றுக்கிழமை வரலாமா?' என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே கேட்டாள். 'எதுக்கு? கார் நல்லாத்தானே ஓடுது.'

கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மாதிரிப் புட்டிகள். தலைவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார், காதில் ஏறவில்லை. காரணம் என்று எதையாவது எழுதியிருக்கலாம். எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

'சும்மா' என்று அனுப்பினேன்.

பதில் இல்லை. பஸ்ஸில் வரும்போதும் இல்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது சட்டைப்பையில் அதிர்ந்தது.

'பதினோரு மணி பஸ்ஸுல ஏறாதீங்க. ஊரெல்லாம் சுத்திட்டு வரும்.'

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலேயே எழுந்துவிட்டேன். ஸ்பானர் பையை இறக்கி, சாக்கெட், ஸ்ப்ரே, பசை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். குளித்தேன். சட்டையை மாற்றினேன்.

பிறகு பையை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு கிளம்புகிறேன். ஒன்பது மணி பஸ்.